ஜி.டி.யில் போடாத ஆள்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்:

“ஐயா, ஒன்பது வருடம் ஆயுதப்படையில் (ஏ.ஆர்.) இருந்துவிட்டு நான்கு மாதம் முன்பு தாலுகாவுக்கு மாறுதலாகி வந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன். போன மாதம் ஓர் இரவு பாராவில் (ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு காவல்) இருந்தபோது, பதினொன்றரை மணிக்கு மேல் ஏட்டையா ஒருவர் இருபது வயசுப் பையனை பைக்கில் கொண்டுவந்தார். போர்வெல் மோட்டார் வயர் திருட்டில் சந்தேகமாம். ‘உட்கார வை, ஜி.டி.யில் (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு) எதுவும் போட வேண்டாம், காலையில் எஸ்.ஐ. ஐயா பார்த்துக்கொள்வார்’ என்றார். காலையில் எஸ்.ஐ. நாலு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. எழுதியிருந்தால் ஸ்டேஷனில் எல்லோருக்கும் ஆகாதவன் ஆகியிருப்பேன். எழுதாமல் அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் கதி? என் மனைவி, ‘பேசாமல் ஏ.ஆருக்கே திரும்பிப் போய்விடுங்கள்’ என்கிறாள். என்ன செய்யட்டும்? பெயர், ஊர் போட வேண்டாம்.”

தம்பிக்கு,

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வுபெறும் வரை 38 வருட சர்வீஸில் எனக்கு ஒரே ஒரு 3பி சார்ஜ்தான் (துறை நடவடிக்கைக் குற்றச்சாட்டு) வந்தது. அது பாராவில் வாங்கியது.

1993, ஐப்பசி மழை. நானும் உங்களைப்போல் ஏ.ஆரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆடு திருட்டு என்று சொல்லி ஏட்டு ஒருவர் நாற்பது வயது ஆளைக் கூட்டிவந்து, ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்தர்) அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். ‘எழுதாதே’ என்றுகூட அவர் சொல்லவில்லை. ‘இருக்கட்டும்’ என்றார், பின்னால் போய்ப் படுத்துவிட்டார். மூன்று மணி வாக்கில் அந்த ஆளுக்கு வலிப்பு வந்தது. பெஞ்சிலிருந்து விழுந்ததில் மேஜை முனை நெற்றியில் பட்டு ஒரே ரத்தம். யாரும் அவரை அடிக்கவில்லை, கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று எங்கள் பாட்டி சொன்ன ஞாபகத்தில் லாக்கப் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தேன். (அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பிறகு டாக்டர் சொன்னார்.) ரோட்டுக்கு ஓடி, சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போன டெம்போவை நிறுத்தி, ஜி.எச்சுக்கு அனுப்பினோம். ஆள் பிழைத்துக்கொண்டார்.

விடிந்ததும் அவர் மனைவியும் ஊர்க்காரர்கள் அறுபது எழுபது பேரும் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். டி.எஸ்.பி. வந்தார், ஜி.டி.யைப் புரட்டினார். புத்தகத்தின்படி அந்த ஆள் ஸ்டேஷனுக்கு வரவே இல்லை. ஏட்டைப் பார்த்தார். ஏட்டு சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது: “பாராவில் இவன்தான் ஐயா. யாரை உள்ளே விட்டான் என்று எனக்குத் தெரியாது.”

எனக்கு ஓராண்டு இன்கிரிமெண்ட் கட். அந்த ஏட்டு மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் வில்லன் இல்லை தம்பி. மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது, பயந்துவிட்டார். சிக்கல் வந்தால் உங்கள் ஏட்டையாவும் பயப்படுவார். இப்போது அவர் நல்லவராகவே இருக்கலாம். நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது அவர் பயப்படும் அந்தக் காலைப் பொழுதை.

சரி, உங்கள் விஷயம். ‘விசாரணைக்கு அழைத்து வந்தோம்’ என்று நாம் ஆயிரம் முறை சொல்கிறோம். சட்டத்தில் அப்படி ஒரு நடு நிலை கிடையாது. சாட்சியாகக் கூப்பிடுவதென்றால் எழுத்து மூலம் கூப்பிட வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 160, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ்.சில் 179. குற்றம் செய்திருக்கலாம் என்று நினைத்து, கைது தேவையில்லை என்றால் 35(3) நோட்டீஸ், நம் வாயில் இன்னும் 41ஏ. அதுவும் இல்லையென்றால் கைது. கைது என்றால் மெமோ, வீட்டுக்குத் தகவல், டாக்டர் பரிசோதனை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட். ராத்திரி பதினொன்றரைக்கு பைக்கில் ஏற்றி வந்து பெஞ்சில் உட்கார வைத்த பையன் இந்த மூன்றில் எதிலும் இல்லை. வெளியே எழுந்து போக அவனால் முடியாது, ஆனால் அவன் கைதியும் இல்லை. அவனுக்கு ஒன்று ஆனால் அது சட்டவிரோதக் காவல். அந்த நேரத்தில் கதவருகே துப்பாக்கியோடு நின்றவர் நீங்கள்.

மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்பது இந்த இடத்தில் நிற்காது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தபோது டி.எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார், உண்மைதான். ஆனால் முதலில் கைதாகி உள்ளே போன ஐந்து பேரும் நம் மட்டத்து ஆட்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம். தந்தையும் மகனும் இறந்த அந்த வழக்கில் இன்ஸ்பெக்டர், எஸ்.ஐ.க்களோடு ஏட்டுகளும் கான்ஸ்டபிள்களும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அதே ஸ்டேஷனில் அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், பயத்தோடுதான், ஆனாலும் நடுவரிடம் பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று நடுவரின் அறிக்கை சொன்னது. அதாவது கேமரா பார்க்கவில்லை, புத்தகம் பேசவில்லை, ஓர் ஏட்டம்மாதான் பேசினார். ஸ்டேஷன் கேமரா பதிவைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் அதே ஆண்டு டிசம்பரில் சொன்னது. உங்கள் ஸ்டேஷன் கேமரா வேலை செய்கிறதா என்று ஒரு நாள் சும்மா எட்டிப் பாருங்கள்.

‘எழுதினால் எதிரி ஆவேன்’ என்கிறீர்கள். ஆவீர்கள், கொஞ்ச நாள். அதைக் குறைக்கும் வழி உண்டு.

“எழுதட்டுமா?” என்று ஏட்டையாவிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்ற பதில் தயாராக இருக்கிறது. “ஏட்டையா, பையன் பேர் என்ன, எத்தனை மணி என்று போடட்டும்?” என்று கேளுங்கள், கையில் பேனாவோடு. எழுதுவது உங்கள் வழக்கம், அதில் அவருக்கு எதிராக ஒன்றும் இல்லை என்று தெரிய வேண்டும். முதல் நாளிலிருந்தே நாய் குரைத்தாலும் எழுதுகிற ஆள் என்று பெயர் வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. ‘அவன் ஒரு மாதிரி, எல்லாத்தையும் எழுதுவான்’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உங்கள் பாரா அன்றைக்கு அந்த மாதிரி ஆளைக் கொண்டுவருவதே குறையும். என் அனுபவத்தில் மூன்று மாதத்தில் குறைந்தது.

ஜி.டி. ரைட்டர் கையிலோ பொறுப்பு அதிகாரி கையிலோ இருக்கும், நீங்கள் பாட்டுக்கு எடுத்து எழுத முடியாது, தெரியும். ஆனால் பாரா மாறும்போது துப்பாக்கி, ரவை, சாவி, லாக்கப் எல்லாம் எண்ணி ஒப்படைக்கிறீர்கள் இல்லையா? உங்கள் கையெழுத்து விழும் இடம் அது. அங்கே ஒரு வரி போதும்: ‘இரவு 11.40க்கு ஏட்டு (நம்பர்) இன்னாரை அழைத்து வந்து வரவேற்பில் அமர வைத்துள்ளார், காயம் ஏதும் இல்லை.’ இந்தக் ‘காயம் ஏதும் இல்லை’ முக்கியம். அதை எழுதுவதற்காகவாவது அவன் முகத்தைப் பார்ப்பீர்கள், ‘சாப்பிட்டியா, மாத்திரை ஏதும் போடறியா’ என்று கேட்பீர்கள். 1993-இல் நான் இதைக் கேட்டிருந்தால் அந்த ஆளே சொல்லியிருப்பார், தனக்கு வலிப்பு உண்டு என்று. அவருடைய சட்டைப் பையில் மாத்திரை இருந்தது. ஜி.எச்சில் நர்ஸ் எடுத்துக் காட்டினார்.

வயதையும் கேளுங்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால் அது வேறு கதை, அவனை இரவு ஸ்டேஷனில் வைக்கவே கூடாது. கிராமத்துப் பையன்கள் மீசையைப் பார்த்து நாமாக இருபது என்று போட்டுவிடுகிறோம்.

ஏட்டையா ஒரே பிடியாக ‘போடாதே’ என்றால் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். எஸ்.ஐ. ஐயாவுக்கு ஒரு வாட்ஸ்அப்: ‘ஐயா, இரவு 11.40க்கு ஏட்டையா அழைத்து வந்த ஒருவர் நிலையத்தில் இருக்கிறார், தங்கள் தகவலுக்காக.’ குரூப்பில் போடாதீர்கள், அவருக்கு மட்டும். குறை சொல்கிற தொனி ஒரு எழுத்தில்கூட வரக்கூடாது. ஒரு விஷயம், எஸ்.எச்.ஓ. (ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி) இல்லாத நேரத்தில் ஸ்டேஷன் பொறுப்பு, அங்கே இருப்பவர்களில் அடுத்த பதவியில் உள்ளவருக்குத்தான், அவர் கான்ஸ்டபிளுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது சட்டம். அன்றிரவு பொறுப்பு அதிகாரி உங்கள் ஏட்டையா. அவருக்கே அது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். தனியாக டீ குடிக்கும்போது, “ஏதாவது ஆச்சுன்னா உங்க பேர்தான் முதல்ல வரும் ஏட்டையா” என்று அக்கறையாகச் சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட.

இதெல்லாம் பெஞ்சில் உட்கார வைக்கும் வரைக்கும்தான். யாராவது கை ஓங்கினால் அப்போது நெளிவு சுளிவு எதுவும் கிடையாது. ‘வேண்டாம் ஏட்டையா’ என்று சத்தமாகச் சொல்லுங்கள், அடிக்கப் பிடித்துக் கொடுக்காதீர்கள், காயம் என்றால் 108, உடனே டி.எஸ்.பி.க்கு போன். அதற்கு வரும் விளைவு எதுவானாலும், பேசாமல் இருந்தால் வருவதைவிடச் சின்னதுதான்.

பழிவாங்குவார்களா? வாங்குவார்கள். வழிக்காவலுக்கும் (கைதிகளைக் கூட்டிப்போகும் வேலை) கோர்ட்டுக்கும் உங்களையே அனுப்புவார்கள். ஜனவரியில் தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்தால் மே வரைக்கும் ஜல்லிக்கட்டு பந்தோபஸ்து உங்கள் மாவட்டத்தில் ஓயாது, அந்த லிஸ்டில் உங்கள் பேர் முதலில் இருக்கும். 174 (தற்கொலை, சந்தேக மரண வழக்கு) என்றால் பிணத்தோடு போவது நீங்களாகத்தான் இருக்கும். (இப்போது 194 என்று எழுதுகிறோம். ஆனால் ‘ஒரு 194 விழுந்திருக்கு’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.)

அந்த டியூட்டியைத் தண்டனையாக நினைக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன். பிணவறை வாசல் நாற்றம் தண்டனைதான், மறுக்கவில்லை. ஆனால் சின்ன ஊர் போலீஸ்காரனுக்கு மரியாதை வருகிற இடம் அது. எங்கள் பக்கத்து ஜி.எச்சில் மாலை நான்கு மணி தாண்டினால் பி.எம். (பிரேதப் பரிசோதனை) மறுநாள்தான். விசாரணை அறிக்கையை ரைட்டரிடமிருந்து விரட்டி வாங்கி, டாக்டர் சாப்பிடப் போவதற்குள் கையில் கொடுத்துவிட்டால் அன்றைக்கே உடல் வீட்டுக்குப் போகும். கொஞ்சம் அசந்தால் ஒரு குடும்பம் இரவு முழுக்க வேப்பமரத்தடியில் கிடக்க வேண்டியதுதான். அரளி விதை அரைத்துக் குடித்த ஒரு பெண்ணின் அப்பா, அந்த ஒரு மதியம் நான் ஓடியதற்காக, அதன்பிறகு பதினோரு வருடம் மாசி மாதம் தவறாமல் வீட்டு வாசலில் ஒரு மரக்கால் உளுந்து வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அப்புறம் நானும் ஒரு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்துச் சரிக்கட்டினேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் வீட்டம்மா கேட்ட கேள்வி. ஏ.ஆர். நிம்மதி என்கிறார். ஒரு வகையில் சரி. அங்கே எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னால் நின்றுவிட்டு வருகிறோம். வெயில் உண்டு, முடிவு எடுக்கிற தொல்லை இல்லை. ஸ்டேஷனில் யாரை உள்ளே விடுவது, எந்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான ரசீது) கொடுப்பது, எந்தப் பாட்டியை ‘நாளைக்கு வா’ என்று திருப்பி அனுப்புவது என்று நாள் முழுக்க சின்னச் சின்ன முடிவுகள். உங்களுக்குத் தூக்கம் போனது அதனால்தான். என் அபிப்பிராயம்: போக வேண்டாம், இருங்கள். இன்னும் கொஞ்ச நாளில் பத்து வருடம் முடிந்து முதல் நிலைக் காவலர் ஆகப்போகிறீர்கள். ஸ்டேஷன் வேலை தெரியாமல் ஏட்டு ஆனவர்கள் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஏட்டையாகூட அந்த ரகமாக இருக்கலாம்.

ஆனால் வீட்டுக்குச் சில காரியம் செய்யுங்கள். ஸ்டேஷனுக்கு எதிர் வீடு காலியாக இருக்கிறது, வாடகை கம்மி என்பார்கள். போகாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குடிபோதைச் சண்டைக்காரன் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். பத்து நிமிஷ தூரத்தில் பாருங்கள். டீக்கடையில் காசு கொடுத்துக் குடியுங்கள். கடைக்காரர் வேண்டாம் என்றால் கல்லாவில் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம், சின்ன ஊரில் “நீங்க எந்த ஊரு தம்பி?” என்று கேட்பவர் உங்கள் ஊரைக் கேட்கவில்லை. மாவட்டத்தின் பேரைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே நகருங்கள். திருவிழாக் கமிட்டிக்காரர் வீட்டுக் கறிச்சோறும் வேண்டாம், எந்தத் தெருவானாலும்.

வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021 நவம்பரில் அரசாணையே வந்தது, தலைமைக் காவலர் வரைக்கும். பதினெட்டு பேர் இருக்கிற ஸ்டேஷனில் நாலு பேர் அயல்பணி, ஒருவர் கோர்ட், ஒருவர் தனிப்பிரிவு என்று போனால் ஓய்வு எங்கே கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். சங்கம் வைத்துக் கேட்கவும் நமக்கு வழியில்லை. ஆனால் கேட்காதவனுக்கு நிச்சயம் கிடைக்காது. ரைட்டரிடம் வாரத் தொடக்கத்திலேயே நாளைச் சொல்லி வையுங்கள். ஞாயிறு கேட்காதீர்கள், செவ்வாய், புதன் கேளுங்கள், கிடைக்கும். அந்த நாளில் போனை வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அன்றிரவு நடந்ததை அவரிடம் முழுசாகச் சொன்னீர்களா, இல்லை ‘வேலையில் டென்ஷன்’ என்று மட்டும் சொன்னீர்களா? கடிதத்தைப் படித்தால் இரண்டாவது மாதிரி தெரிகிறது. முழுசாகச் சொல்லுங்கள்.

எட்டு ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள், இப்போது என்ன விலையோ. பக்கத்துக்கு எண் போட்டு, தேதி, மணி, யார் சொன்னது, என்ன சொன்னார் என்று தினமும் வீட்டுக்கு வந்ததும் எழுதுங்கள். கோர்ட்டில் ஜி.டி. அளவுக்கு நிற்காது. நாலு வருடம் கழித்துச் சாட்சி சொல்லக் கூப்பிடும்போது ஞாபகத்துக்கு உதவும். அன்றிரவு நடந்ததையும் எழுதுங்கள், ஆனால் எழுதுகிற தேதியையே போடுங்கள், பழைய தேதி போடாதீர்கள்.

அப்படி எழுத உட்காரும்போது ஒரு இடத்தில் பேனா நிற்கும். உங்கள் கடிதம் முழுப்பக்கம் நான்கு. ஏட்டையாவின் பேர் இருக்கிறது, எஸ்.ஐ. பேர் இருக்கிறது, வயர் எந்தக் கிணற்றடியில் போனது என்றுகூட இருக்கிறது. பையனின் பேர் எங்கேயும் இல்லை. அடுத்த முறை பட்டா புத்தகத்தில் (ரோந்து போனதற்குக் கையெழுத்திடும் புத்தகம்) கையெழுத்துப் போட அவன் ஊர்ப்பக்கம் போகும்போது, பஸ் ஸ்டாப்பிலோ கபடி ஆடுகிற இடத்திலோ இருப்பான், உங்களைப் பார்த்ததும் ஒதுங்குவான். வண்டியை நிறுத்தி, இறங்கி, பேரைக் கேளுங்கள்.